பால்ட்வினும் ஒரு பொட்டலம் உப்புக்கண்டமும்

போன மாதம் ஒரு மாணவர் விடுதியில் பயிற்சி வகுப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், புகார் எழுதுவது எப்படி, முதல் தகவல் அறிக்கையில் எதைக் கவனிக்க வேண்டும் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி முடித்தேன். கேள்வி நேரத்தில் முதலாமாண்டு படிக்கும் ஒரு தம்பி எழுந்தான். சட்டத்தைப் பற்றித்தான் கேட்பான் என்று நினைத்தேன். "அக்கா, இந்த வேலையில நீங்க சந்தோஷமா இருக்கீங்களா?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "மக்களுக்காக உழைக்கிறதுல இருக்கிற சந்தோஷம் வேற எதுலயும் இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டினார்கள். அவன் மட்டும் தட்டவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது அவன் முகமே நினைவில் இருந்தது. நான் சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஏன் கேட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. விடுதியில் சேர்வதற்கு முன் வெளியில் அறை எடுத்து நாலு பேரோடு தங்கியிருக்கிறான். அங்கே தன் சாதியை மாற்றிச் சொல்லியிருக்கிறான். அந்த நண்பர்களோடு இன்னமும் பழகுகிறான். அவர்களோடு இருக்கும்போது தான் சந்தோஷமாக இருப்பதாகவும், அதுதான் தன்னைப் பயமுறுத்துகிறது என்றும் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் சொன்னான்.

அவனுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், எனக்கு வழக்கமாக வழி தெரியாதபோது செய்வதைச் செய்தேன். ஜேம்ஸ் பால்ட்வினை எடுத்து மறுபடி படித்தேன்.

நம் தோழர்களில் பலருக்கு பால்ட்வின் பெயர் 2016இல் ராவுல் பெக் எடுத்த 'ஐ ஆம் நாட் யுவர் நீக்ரோ' ஆவணப்படம் வழியாகத்தான் தெரியும். கேமராவை நேராகப் பார்த்து, பெரிய கண்களோடு, ஒரு சொல்லைக்கூடத் தவறவிடாமல் பேசுகிறவர். அந்த பால்ட்வின் சமூக ஊடகங்களில் நன்றாக ஓடுகிறார். எனக்கு நெருக்கமானவர் வேறொருவர். 1924இல் ஹார்லெமில் பிறந்து, பதினான்கு வயதில் தேவாலய மேடையேறிப் பிரசங்கம் செய்து, மூன்றே ஆண்டுகளில் அதை விட்டு இறங்கி, 1948 நவம்பரில் நாற்பது டாலரோடு பாரிசுக்கு ஓடிப்போன அந்த இளைஞர். ஓடிப்போனார் என்றுதான் சொல்ல வேண்டும். போராடப் போகவில்லை. அங்கே இருந்தால் செத்துவிடுவோம், அல்லது யாரையாவது கொன்றுவிடுவோம் என்று பயந்து போனார்.

அந்தப் பயத்துக்கு ஒரு சம்பவம் இருக்கிறது. பதின்ம வயதின் கடைசியில் அவர் நியூ ஜெர்சியில் போர்க்காலத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார். அங்கு கடைசியாகத் தங்கிய இரவில் ஒரு வெள்ளை நண்பனோடு டிரென்டனில் சினிமா பார்த்துவிட்டு உணவகத்துக்குப் போகிறார். சாப்பாடு கிடையாது என்று விரட்டுகிறார்கள். தெருவில் நடந்து, வேண்டுமென்றே இன்னும் ஆடம்பரமான இன்னொரு உணவகத்தில் நுழைந்து உட்காருகிறார். பரிமாறும் பெண் வந்து அதே வாக்கியத்தைச் சொல்கிறாள். மேசையில் தண்ணீர்க் குவளை இருந்தது. எடுத்து அவள் மேல் வீசுகிறார். குறி தவறி, பின்னால் இருந்த கண்ணாடி நொறுங்குகிறது. நண்பன் துரத்தியவர்களைத் திசைதிருப்பியதால் உயிரோடு தப்பினார். நாமாக இருந்தால் இதை ஒரு வீரக்கதையாக எழுதியிருப்போம். மேடைக்கு மேடை சொல்லியிருப்போம். அவர் எழுதியது வேறு. அந்த இரவு இரண்டு விஷயங்கள் அவருக்கு விளங்கவில்லையாம்: தான் கொலை செய்யப்பட்டிருக்கலாம் என்பது ஒன்று, தானே கொலை செய்யத் தயாராக இருந்தது இன்னொன்று. ஆபத்து வெளியில் மட்டும் இல்லை, தன் நெஞ்சில் தூக்கிக்கொண்டு திரியும் வெறுப்பிலும் இருக்கிறது என்கிறார்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அடி வாங்கினவனையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற பேச்சாகத் தெரிந்தது. நம் ஊரில் இப்படித்தானே சொல்வார்கள், "நீங்கதான் மனசுல வெச்சிக்கிட்டு இருக்கீங்க" என்று. சமூகவியல் வகுப்பில் இதை வாசித்த ஒரு பேராசிரியர்கூட அந்தத் தொனியில்தான் விளக்கினார். பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. பால்ட்வின் அந்தப் பெண்ணை மன்னிக்கவில்லை. உணவகத்தையும் மன்னிக்கவில்லை. அவர்கள் செய்தது என்னவோ அது அப்படியே இருக்கிறது. ஆனால் அவர்கள் தன் உள்ளே வந்து குடியிருக்க அனுமதிக்க மாட்டேன் என்கிறார். இரண்டும் வேறு வேறு.

அவருடைய அப்பா விஷயத்தில் இது இன்னும் தெளிவாகிறது. டேவிட் பால்ட்வின் அவரைப் பெற்ற தந்தை அல்ல, வளர்த்த தந்தை. பிரசங்கி. வீட்டில் யாரும் நெருங்க முடியாத மனிதர். கடைசிக் காலத்தில் தன் குடும்பமே தனக்கு விஷம் வைக்கிறது என்று நம்பிச் சாப்பிட மறுத்தவர். 1943 ஜூலை 29இல் இறந்தார். அதே நாளில் அவருடைய கடைசிக் குழந்தை பிறந்தது. அந்த நாட்களிலேயே ஹார்லெமில் கலவரம் வெடித்தது. ஆகஸ்ட் 3ஆம் தேதி காலை, நொறுங்கிய கண்ணாடிகள் கிடந்த தெருக்கள் வழியாக அப்பாவைக் கல்லறைக்குக் கொண்டு போனார்கள். மகனுக்கு அப்போதுதான் பத்தொன்பது முடிந்திருந்தது. சாகக் கிடந்த அப்பாவைப் போய்ப் பார்ப்பதை ஏன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன் என்று பின்னால் யோசிக்கிறார். வெறுத்ததால் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அது உண்மையில்லை என்கிறார். வெறுப்பு போய்விட்டால் வலிதான் மிஞ்சும், அந்த வலியைப் பார்க்கப் பயந்துதான் மனிதர்கள் வெறுப்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் என்று எழுதுகிறார்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1963இல் 'தி ஃபயர் நெக்ஸ்ட் டைம்' நூலில், தம்பி மகனுக்கு எழுதிய கடிதத்தில், அதே அப்பாவைப் பற்றி ஒரு வரியில் தீர்ப்புச் சொல்கிறார். வெள்ளையர்கள் தன்னைப் பற்றிச் சொன்னதை அவர் மனதின் ஆழத்தில் நம்பிவிட்டார், அதனால் சாவதற்கு நெடுநாள் முன்பே தோற்றுப்போனார் என்கிறார். நீ அதை நம்பாதே என்பதுதான் அந்தச் சிறுவனுக்கு அவர் கொடுக்கும் சொத்து.

தன்னை அறிதல் என்று தத்துவக்காரர்கள் பெரிதாகப் பேசுவார்கள். கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது அவ்வளவு அமைதியான வேலை இல்லை. நம்மைப் பற்றி அவர்கள் எழுதி வைத்த ஏட்டில் எவ்வளவை நாம் நம் கையெழுத்திலேயே நகல் எடுத்து வைத்திருக்கிறோம் என்று பக்கம் பக்கமாகப் பார்க்கிற வேலை அது. பால்ட்வின் இதற்குச் சொல்லும் உதாரணம் ஒரு பழம். தர்பூசணி. அடிமை ஒழிப்புக்குப் பிறகு கறுப்பர்கள் தாங்களே பயிரிட்டு, விற்று, தின்ற பழம் அது. அதை வைத்தே வெள்ளையர்கள் பல்லிளிக்கும் கேலிச்சித்திரங்களை வரைந்து தள்ளினார்கள். அமெரிக்காவில் இருந்தவரை பால்ட்வின் தர்பூசணியைத் தொட மாட்டார். பெஸ்ஸி ஸ்மித்தின் புளூஸ் பாட்டும் கேட்க மாட்டார். காரணம் ஒன்றுதான். சுவிட்சர்லாந்தில், அதுவரை கறுப்பரையே பார்த்திராத ஒரு மலைக்கிராமத்தில், சுற்றிலும் பனியோடு உட்கார்ந்து முதல் நாவலை எழுதி முடிக்கத் திணறியபோதுதான் இரண்டு பெஸ்ஸி ஸ்மித் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார். சிறுவனாக இருந்தபோது தான் பேசிய பேச்சு, அதன் ஏற்ற இறக்கம், அவமானத்தில் தான் புதைத்து வைத்தது எல்லாம் அந்தக் குரல் வழியாகத் திரும்பி வந்தது. 1953இல் 'கோ டெல் இட் ஆன் தி மவுண்டன்' வெளிவந்தது.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லாமல் தாண்டிப்போக முடியாது.

சென்னையில் எம்.ஏ. படித்தபோது மூன்று தோழிகளோடு ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மா முதல் நாளே, "நீங்கல்லாம் என்ன ஆளுங்க?" என்று கேட்டார். ஒரு தோழி தன் சாதியைச் சொல்லிவிட்டு, "எல்லாரும் எங்க ஆளுங்கதான் ஆன்ட்டி" என்றாள். எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் ஒன்றரை வருடம் நீண்டது. அந்த ஒன்றரை வருடமும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பொங்கலுக்குக் கீழ்வீட்டில் சாப்பிட்டேன். மொட்டைமாடியில் இரவு முழுக்கப் பேசிச் சிரித்தோம். என் பேச்சு மாறியது. "இருந்துச்சி", "வந்துச்சி" எல்லாம் போய்விட்டது.

ஒருமுறை அம்மா என்னைப் பார்க்க வந்தாள். கோயம்பேடு பேருந்து நிலையத்துக்குப் போய், வேலை இருக்கிறது என்று சொல்லி அங்கேயே டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த பேருந்திலேயே திருப்பி அனுப்பினேன். அவள் கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். உப்புக்கண்டம். வீட்டுக் கூரைமேல் வைத்துக் காக்கை விரட்டிக் காயவைத்தது. சின்ன வயதில் எனக்கு அதைச் சுட்டு ரசத்தோடு கொடுத்தால் வேறெதுவும் வேண்டாம். பேருந்து கிளம்பியதும், பொட்டலத்தை அங்கே இருந்த குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு மாநகரப் பேருந்தில் ஏறினேன். அடுப்பில் போட்டால் வாசனை கீழ்வீடு வரைக்கும் போகும். அவ்வளவுதான் அப்போது யோசித்தேன்.

பால்ட்வினுக்கும் நமக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இனமும் சாதியும் ஒன்றல்ல. அம்பேத்கர் 1946இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியதும், 1972இல் பம்பாய் இளைஞர்கள் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டதும் ஒற்றுமையைக் கண்டுதான். ஆனால் பால்ட்வின் தன் தோலை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது. அந்த டிரென்டன் உணவகத்தில் என்னையும் அந்தத் தம்பியையும் போல அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட வழியே இல்லை. நமக்குச் சில தெருக்களைத் தாண்டிவிட்டால், ஊர்ப்பேரையும் அப்பா தொழிலையும் மாற்றிச் சொல்லிவிட்டால், கொஞ்ச நாளைக்கு அது கிடைக்கிறது. பொய்க்குக் கூலியாகக் கிடைக்கிற சந்தோஷம். அது போலி என்று நான் சொல்லமாட்டேன். சிரித்தது நிஜம். பொங்கல் இனித்தது நிஜம். ஒவ்வொரு தடவை தொலைபேசி அடிக்கும்போதும் மாடிப்படிக்கு எழுந்து போய்ப் பேசியதும் நிஜம்.

சந்தோஷம் பற்றி பால்ட்வின் அதிகம் எழுதவில்லை. அந்தச் சொல்லின் மேலேயே அவருக்குச் சந்தேகம். ஆனால் 'தி ஃபயர் நெக்ஸ்ட் டைம்' நூலில் ஒரு பத்தி இருக்கிறது. சிறுவயதில் தேவாலயத்தார் கூடிச் சாப்பிட்ட விருந்துகள், வாடகைப் பணம் திரட்ட வீடுகளில் நடந்த கூத்துகள். கோபமும் துக்கமும் ஒரு மூலையில் இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தன, நாங்கள் தின்றோம், குடித்தோம், ஆடினோம், வெள்ளைக்காரனை மறந்தோம் என்று நினைவுகூர்கிறார். அங்கே யாரும் யாராகவும் நடிக்க வேண்டியதில்லை. அதை அவர் சுதந்திரம் என்கிறார். கோபமும் துக்கமும் போய்விட்டன என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவையும் அந்த அறையில்தான் இருக்கின்றன. நம் தெருவில் சாவு வீட்டில் பறையடித்து ஆடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

உண்மை பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது நம் வேலையைத் தொடுகிறது. 1943 ஹார்லெம் கலவரம் எப்படித் தொடங்கியது? ஒரு விடுதியில் ஒரு பெண்ணைக் கைது செய்ய முயன்ற வெள்ளைப் போலீஸ்காரரை ஒரு கறுப்பு ராணுவ வீரர் தடுத்தார். போலீஸ்காரர் சுட்டார். ஒரு கறுப்புப் பெண்ணைக் காக்க நின்றவனை முதுகில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி பரவியது. பால்ட்வின் தன் கட்டுரையில், அந்த வீரர் முதுகில் சுடப்படவுமில்லை, சாகவுமில்லை என்று எழுதுகிறார். தன் மக்கள் அந்தக் கட்டுக்கதையை ஏன் விரும்பினார்கள் என்றும் எழுதுகிறார்: அவர்களுடைய பயத்துக்கும் கோபத்துக்கும் அது அவ்வளவு பொருத்தமாக இருந்தது. சுட்டது சுட்டதுதான். அந்த அநியாயம் குறையவில்லை. ஆனால் தன் பக்கத்தின் பொய்யையும் பொய் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் அடுத்த வரிக்குப் போகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு உண்மையறியும் குழுவில் போயிருந்தேன். சாதிப்பேர் சொல்லித் திட்டி, ஒரு இளைஞரைக் கட்டிவைத்து அடித்திருந்தார்கள். எல்லாம் தெளிவாக இருந்தது. அதற்கு முந்தைய நாள் அவர் குடித்துவிட்டு அந்தக் கும்பலில் ஒருவனோடு தகராறு செய்திருந்தார் என்பதும் தெளிவாக இருந்தது. அவருடைய அக்காவே எங்களிடம் சொன்னார். அறிக்கையில் அதை எழுத வேண்டாம் என்று மூத்தவர்கள் முடிவெடுத்தார்கள். எழுதியவள் நான்தான். எழுதவில்லை. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்தது. அக்கா சாட்சிக் கூண்டில் தடுமாறினார். மறைத்த அந்த ஒன்று, மறைக்காத அத்தனையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது. தாக்கப்பட்டவர் உத்தமராக இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் எங்கும் இல்லை. குடித்தவரையும் கட்டிவைத்து அடிக்கக் கூடாது. இதைச் சட்டம் நம்பியது, நாங்கள் நம்பவில்லை. பாதிக்கப்பட்டவர் அப்பழுக்கற்றவராக இருந்தால்தான் நியாயம் கிடைக்கும் என்ற அவர்களுடைய விதியை நாங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தோம். நம்பாதே என்று அந்தச் சிறுவனுக்குச் சொன்னது இதையும் சேர்த்துத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

துணிச்சல் என்றதும் பால்ட்வினைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை ஒன்று. வட கரோலினாவில் சார்லட் நகரப் பள்ளிக்கு, கேலி செய்து கூச்சலிடும் வெள்ளைக் கும்பலின் நடுவே தனியாக நடந்துபோன பதினைந்து வயது டோரதி கவுன்ட்ஸின் புகைப்படத்தைப் பாரிசில் பார்த்துவிட்டு, இனி இங்கே இருக்கக் கூடாது என்று நாடு திரும்பினார் என்பார்கள். அவரே அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் தேதி இடிக்கிறது. அந்தப் படம் எடுக்கப்பட்டது 1957 செப்டம்பர் 4. அந்தக் கோடையிலேயே அவர் அமெரிக்கா திரும்பிவிட்டார். உண்மையைப் பற்றி அவ்வளவு பேசியவருக்கும் நினைவு தனக்குச் சாதகமாக ஒரு காட்சியை அமைத்துக் கொடுத்திருக்கிறது. எனக்கு இதனால் அவர் மேல் மதிப்புக் குறையவில்லை. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

எனக்குப் பிடித்த துணிச்சல் கதை அதற்குப் பிறகு நடக்கிறது. தெற்கே மான்ட்கோமரியில் பசிக்கு ஒரு உணவகத்தில் தெரியாத்தனமாக வெள்ளையர் வாசல் வழியாக நுழைந்துவிடுகிறார். உள்ளே எல்லாம் உறைந்து நிற்கிறது. பின்பக்கமாகப் போ என்று கைகாட்டுகிறார்கள். போகிறார். குவளையை வீசவில்லை. உலகமறிந்த எழுத்தாளர், பயத்தோடு பின்பக்கம் போனேன் என்று 1972இல் வந்த புத்தகத்தில் அப்படியே எழுதுகிறார். வீசியதை எழுதுவதைவிட, வீசாததை எழுத அதிகத் துணிச்சல் வேண்டும். அதேபோல் 1956இல், கறுப்பரின் பிரச்சினையை மட்டும் எழுது என்று எல்லோரும் எதிர்பார்த்தபோது, இரண்டு ஆண்களின் காதலைப் பற்றி 'ஜியோவானீஸ் ரூம்' எழுதினார். முதல் நாவலை வெளியிட்ட பதிப்பகம் அதை மறுத்துவிட்டது. பிறகு சொந்த இயக்கத்துக்குள்ளிருந்தே எல்ட்ரிட்ஜ் கிளீவர் அதை வைத்து அவரை இழிவாக எழுதினார். நம் கூட்டங்களில் திருநர் தோழர்களுக்கும் பெண்களுக்கும் எத்தனை நிமிடம் ஒதுக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தம்பிக்குக் கடைசியில் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். நண்பர்களிடம் போய் உடனே சொல்லிவிடு என்று சொல்லவில்லை. அதற்கு விலை கொடுக்கப்போவது அவன்தான், நான் இல்லை. அடிப்பார்களா, ஒதுக்குவார்களா, ஒன்றுமே சொல்லாமல் தட்டை மட்டும் மாற்றி வைப்பார்களா என்று அவனுக்குத்தான் தெரியும். அன்று வகுப்பில் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். சந்தோஷமாக இருக்கிற நாளும் உண்டு, மருத்துவமனைப் பிணவறை வாசலில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாமல் படுக்கிற நாளும் உண்டு என்றேன். பிறகு குப்பைத்தொட்டிக் கதையைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களாக்கா?" என்றான்.

இல்லை.

இந்தக் கட்டுரையை வெளியிடுவதற்கு முன் ஊருக்குப் போனேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தெருவில் படிக்கிற பிள்ளைகள் யாராவது படித்துக் காட்டி அவளுக்குத் தெரியவேண்டாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவள் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஆய்ந்தபடியே சொன்னேன். கோயம்பேடு, டீ, பொட்டலம், தொட்டி. அவள் தலை நிமிரவில்லை.

"எவ்ளோ இருந்துச்சி அது?" என்றாள்.

"ஒரு கிலோ இருக்கும்மா."

"ம். ஒங்கப்பா கேட்டாரு அன்னிக்கி. தீந்துபோச்சின்னு சொல்லிட்டு ஒனக்குக் கட்டியாந்தேன்."

அப்பா செத்து ஆறு வருடம் ஆகிறது. அம்மா கீரையை முறத்தில் அள்ளிக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.